செம்பா பார்த்தது

1996 பிப்ரவரி 3, சனி

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நேரமாகப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டதற்கு மிக்கேல் அண்ணன் "மீன் படிப்பு" என்று சொல்லி முடித்துக்கொண்டானாம்.

"வேற என்னட்டி சொல்லச் சொல்லுத? திருக்கையோட கருப்பைக்கு எந்த நரம்பு போவுதுன்னு எந் தங்கச்சி அஞ்சு வருசமாப் பாக்கான்னு சொன்னா, அந்தக் கிழவி காப்பியக் கீழ வச்சிட்டு ஓடிரும்."

அண்ணி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் அண்ணன் சொன்னதுதான் என் ஆராய்ச்சி. சினைத் திருக்கை வலையில் மாட்டினால் வள்ளத்தில் ஏற்றியதுமே குட்டிகளைத் தள்ளிவிடும். பயம் நரம்பு வழியாகக் கருப்பைக்குப் போகிறது, கருப்பை இறுகிக் குட்டியை வெளியே தள்ளுகிறது என்று என் வழிகாட்டி வரதன் சார் இளம் வயதிலேயே எழுதிவிட்டார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான். அது எந்த நரம்பு, எந்த ரசாயனத்தால் அந்தக் கட்டளையைச் சொல்கிறது என்று காட்டுவது என் வேலை. சினையில்லாத திருக்கைகளில் எல்லாம் முடித்துவிட்டேன். நரம்பைத் தூண்டியதும் கருப்பைத் துண்டு அழகாகச் சுருங்குகிறது. இனி வேண்டியது குட்டி போடும் தறுவாயில் உள்ள ஒரு திருக்கை, உயிரோடு. அண்ணனிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒன்றும் மாட்டவில்லையாம். லேப் கோட்டுகளைத் துவைத்தேன். கூடக் குடியிருக்கும் செம்பா புளிக்குழம்பு வைத்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

இதை நன்றாக எழுத வேண்டும்.

காலையில் கடல் உயிரியல் நிலையத்தின் வாசலில் அண்ணன் டெம்போ வண்டியோடு நின்றான். பிளாஸ்டிக் தொட்டியில் கடல்நீர், அதற்குள் முதுகு புடைத்த ஒரு திருக்கை. வால் முள்ளைச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தான்.

"கைய உள்ள விட்டுறாத மெட்டி. அலுங்காமக் கொண்டாந்திருக்கேன். பிள்ளத்தாச்சியாக்கும்."

செம்பா ஓடிவந்து தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். மெற்றில்டா நான் மெட்டி ஆனதுபோல அவள் செம்பா; சண்பகவல்லி என்ற முழுப்பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்கலாம். கோவில்பட்டிக்காரி. போன வருடம் டாக்டர் பட்டம் முடித்து இதே லேபில் தற்காலிக வேலையில் இருக்கிறாள். மாடி வீட்டில் நானும் அவளும்தான் வாடகைக்கு இருக்கிறோம். என் பரிசோதனை என்றால் அவளுடைய வேலை நின்றுவிடும்.

மயக்க மருந்து கலந்த நீரில் திருக்கை அடங்கியதும் அறுத்தோம். கருப்பைக்குள் பால்போல் கெட்டியான வெள்ளை நீர். தாய் உள்ளேயே ஊட்டும் பால் அது. படித்திருக்கிறேன், இன்றுதான் கையில் பட்டது. அதில் இரண்டு குட்டிகள், பாய் சுருட்டியதுபோலச் சிறகைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. செம்பா அவற்றை வாளியில் விட்டாள்.

"ஏ, விரியுது பாரேன்! மெட்டி, விரியுது!"

நரம்போடு சேர்த்துக் கருப்பைச் சுவரில் ஒரு துண்டு எடுத்து, யூரியா கலந்த உப்புநீரில் தொங்கவிட்டேன். திருக்கையின் ரத்தத்தில் யூரியா உண்டு. அது இல்லாத நீரில் துண்டு தாங்காது. மேல்முனையில் நூல், நூலின் மறுமுனையில் லீவர், லீவரின் நுனியில் பேனா, பேனாவுக்கு முன்னால் ஓடும் தாள். நரம்பில் மின்சாரம் கொடுத்தேன்.

அசையவில்லை. கூட்டினேன். அசையவில்லை. வயரை மாற்றினேன், நரம்பைத் துடைத்து வைத்தேன். தாளில் நேர்கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"செத்துப் போச்சு செம்பா" என்றேன்.

"இரு. அசிட்டைல்கோலின் விட்டுப் பாப்போம். செத்திருந்தா அதுக்கும் அசையாதுல்லா."

நரம்புகள் தசையோடு பேசும் ரசாயனங்களில் அது ஒன்று. நேராகத் தசைமேல் விட்டால் உயிருள்ள துண்டு சுருங்க வேண்டும். அவள் சொட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பேனாவில் மை அடைத்துக்கொண்டது. நான் பேனாவைக் கழற்றி உதறிக்கொண்டிருக்க, செம்பா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூக்குது! மெட்டி, லீவரப் பாரு, தூக்குது!"

பார்த்தேன். லீவர் மெல்ல எழுந்து, உச்சிக்குப் போய் நின்றது. இழுப்பில் நூல் அறுந்து துண்டு கீழே விழுந்தது. தாளில் நேர்கோடு மட்டும்தான் இருக்கிறது. பரவாயில்லை. இரண்டு பேர் பார்த்தோம்.

செம்பாதான் முதலில் சொன்னாள். "தசை உசிரோட இருக்கு. நரம்பு சொல்லுது, கருப்பை கேக்க மாட்டேங்கு. சினையா இருக்கையில கேக்காது போல." அப்படியானால் சாரின் கட்டுரை? இருவருமே அதைப் பேசவில்லை.

மாலையில் குட்டிகளைத் தோணித்துறைப் படியில் விட்டோம். திரும்பும்போது அவள் காசில் பரோட்டா.

பிப்ரவரி 10, சனி

சாரிடம் சொன்னேன். நேர்கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"திசு செத்திருக்கும்மா. படகுல எவ்வளவு நேரம் கெடந்துதோ."

அசிட்டைல்கோலினுக்கு லீவர் எழுந்ததைச் சொன்னேன்.

"தாள்ல இல்லையே. கூட யார் இருந்தா?"

செம்பா இருந்தாள் என்றேன். "சரி, பாப்போம்" என்றார். ஒரு புது முடிவை உடனே ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதானே நல்ல விஞ்ஞானிக்கு அழகு.

பிப்ரவரி 14, புதன்

சார் செம்பாவைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் வரவில்லை. என் டப்பாவை மூடிவைத்துக் காத்திருந்தேன். வந்தவள், "நண்டு புராஜெக்ட் பத்திப் பேசினாரு" என்றாள். பசியில்லை என்று சொல்லிவிட்டாள். நண்டு புராஜெக்ட் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீட்டித்திருப்பார்கள்.

பிப்ரவரி 21, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக லேபுக்குப் போனேன். நிலையத்தில் நிரந்தர விஞ்ஞானி இடம் ஒன்று வருகிறதாம். செம்பா விண்ணப்பித்திருக்கிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும். நேற்று சொல்ல மறந்துவிட்டாளாம். தேர்வுக் குழுவில் சாரும் இருக்கிறார். அவளுக்குக் கிடைக்க வேண்டும். அவளைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் இங்கே யாரும் இல்லை.

மார்ச் 2, சனி

பன்னிரண்டாம் தேதி என் ஆராய்ச்சிக் கமிட்டி. துணி காயப்போடும்போது செம்பா கேட்டாள். "கமிட்டில அந்தப் பரிசோதனையப் பேசித்தான் ஆகணுமா? இன்னொரு திருக்கை கெடச்சப்புறம் பேசினா என்ன?"

"சாருக்குத் தெரிஞ்சதுதான செம்பா? மறைச்ச மாதிரி ஆயிருமே."

"அதுவுஞ் சரிதான்" என்றாள். என் பாவாடையையும் அவளே பிழிந்து போட்டாள்.

எனக்காகத்தான் பயப்படுகிறாள்.

மார்ச் 12, செவ்வாய்

கமிட்டி. எழுதத் தோன்றவில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

மார்ச் 13, புதன்

எழுதிவிடுகிறேன்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர். வெளியாள் என்றால் சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஹைமவதி மட்டும்தான். நான் பேசி முடித்ததும் சார் தணிந்த குரலில் சொன்னார்.

"கடைசிப் பரிசோதனையை எடுத்துடலாம்னு நான் சொல்லியிருந்தேன். செத்த திசு. மெற்றில்டா பிடிவாதமா இருக்காங்க."

அவர் அப்படி எப்போதும் சொன்னதில்லை. திசு உயிரோடு இருந்தது, நானும் சண்பகவல்லியும் பார்த்தோம் என்றேன். அவளைக் கூப்பிட்டார்கள். நீலச் சேலையில் வந்தாள். நல்ல நாளில் கட்டுவதற்கு என்னிடம் கேட்டு வாங்கிய சேலை.

"அன்னைக்கு நீங்க கூட இருந்தீங்களா?" என்று சார் கேட்டார்.

"வந்து வந்து போயிட்டிருந்தேன் சார். குட்டிய வாளியில விட்டேன்."

"லீவர் எழுந்ததைப் பாத்தீங்களா?"

அவள் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எவ்வளவு நேரமென்றாலும் காத்திருப்பேன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார். நான் பாக்கல."

"தேங்க்ஸ்ம்மா. நீங்க போலாம்."

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். சத்தமே வரவில்லை.

ஒருவர் தொண்டையைச் செருமினார். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லும் மாணவியைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். டாக்டர் ஹைமவதி குறுக்கிட்டார். "ஈஸ்டர் முடிஞ்சு இன்னொரு வைவாவுக்காக வரேன். அப்போ என் முன்னாடி மறுபடி செஞ்சு காட்ட முடியுமாம்மா?"

முடியும் என்றேன். முடியாவிட்டால் என் டாக்டர் பட்டப் பதிவை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று சார் வருத்தத்தோடு சொன்னார். ஐந்து வருடம்.

மார்ச் 15, வெள்ளி

செம்பா இரண்டு நாளாக அவளுடைய சித்தி வீட்டில் இருக்கிறாள். இன்று சாமான் எடுக்க வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"மெட்டி, சார் பொய் சொல்லுன்னு சொல்லல. 'உனக்குத் தெளிவா ஞாபகம் இருக்கா, நல்லா யோசி'ன்னுதான் கேட்டாரு. கூப்பிட்டு வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா, நான் பாத்தேனா, நீ சொன்னதக் கேட்டேனான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு."

"நீதான செம்பா 'தூக்குது'ன்னு சொன்ன? நான் பேனாவ உதறிட்டிருந்தேன்."

அவள் துணிகளைப் பையில் திணித்தாள். குக்கர் அவளுடையது. எடுத்துப் போகட்டும் என்று நானே கழுவிக் கொடுத்தேன்.

சந்தேகம் வருவது இயல்புதான். எனக்குக்கூட நேற்று ஒரு கணம் வந்தது.

இல்லை. வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

அண்ணன் ஒரு திருக்கை கொண்டுவந்தான். வழியிலேயே குட்டிகளைத் தள்ளிவிட்டது. பயன்படாது. அண்ணனுக்கு நடந்ததெல்லாம் தெரியும். செம்பாவின் பெயரைச் சொன்னாலே கெட்ட வார்த்தை வருகிறது.

"அந்தப் பிள்ளைக்கு நம்ம வீட்ல எத்தன நாள் சோறு போட்டிருப்பா உங்க அண்ணி! சிலுவைத் திருநாளுக்கு நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி வந்து நின்னாளே."

"அவளுக்கு வேல வேணும்ண்ணே. வீட்ல சம்பாதிக்க அவ ஒருத்திதான்."

"உனக்கு வேண்டாமாட்டி?"

எனக்குக் கோபம் வந்தது, அண்ணன்மேல்.

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

கடலுக்கு யாரும் போகவில்லை. சிலுவைப்பாதையில் நடந்தேன். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இடத்தை வாசித்தபோது கோயிலை விட்டு வெளியே வந்து, அது முடிந்தபிறகு உள்ளே போனேன்.

ஏப்ரல் 10, புதன்

நேற்று மாலை அண்ணனும் அவனுடைய பங்காளியும் வள்ளத்திலேயே தொட்டி வைத்து, நீர் மாற்றி மாற்றி ஒரு சினைத் திருக்கையைக் கரை சேர்த்தார்கள். குட்டி தள்ளவில்லை. இன்று காலைவரை நிலையத் தொட்டியில் அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

டாக்டர் ஹைமவதி என் பக்கத்தில் நின்றார். சார் எதிரே. உதவிக்கு ஆள் இல்லாமல் நானே இரண்டு கையாலும் செய்தேன். கருப்பையைத் திறந்ததும் வெள்ளையாகப் பால் வழிந்தது.

"என்ன இது, சீழா? நோய் பிடிச்ச மீனா?" என்றார் சார்.

"பால் சார். குட்டிக்கு" என்றேன்.

டாக்டர் ஹைமவதி சாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். சார் கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். அவ்வளவு வருடம் கழித்துப் பார்க்கிறார், மறந்துபோயிருக்கும்.

நரம்பைத் தூண்டினேன். நேர்கோடு. சார் என்னை விலகச் சொல்லி, மின்சாரக் குமிழைத் தன் கையால் திருகினார். நேர்கோடு. கடைசிவரை திருகினார். நரம்பு கருகும் அளவு.

பிறகு நான் அசிட்டைல்கோலின் விட்டேன். லீவர் எழுந்தது, பேனாவும் கூடவே எழுந்து தாளில் ஒரு குன்று வரைந்தது. கழுவிவிட்டு மறுபடி விட்டேன், மறுபடி குன்று. டாக்டர் ஹைமவதி தாளில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஃபெப்ரவரியில பாத்ததும் இதேதானா?"

"இதேதான் மேடம்."

"அப்போ குட்டி எதனால வெளிய வருது?"

"தெரியாது மேடம். நரம்பால இல்ல. அதுமட்டுந்தான் தெரியும்."

"அது போதும்மா இப்போதைக்கு" என்றார்.

சார் கைகழுவிவிட்டு வந்து என் முதுகில் தட்டினார். "எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் இருந்துது. நம்ம லேப்லயே வெளிவந்தது சந்தோஷம்" என்றார்.

வெளியே வந்தபோது செம்பா மாடிப்படியில் நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல இருந்தது முகம். முன்பென்றால் அவளிடம்தான் முதலில் ஓடிச் சொல்லியிருப்பேன். கால்கூட அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

செம்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. எல்லா மேசையிலும் பால்கோவா. என் மேசையில் இரண்டு பங்கு இருந்தது. எறும்பு வந்ததும் எடுத்துக் கொட்டினேன்.

மே 19, ஞாயிறு

தனியாக இருக்கும் வீட்டில் பருப்பு வேக நேரமாகிறது. குக்கர் வாங்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

சார் கட்டுரைப் பிரதியைக் கொடுத்தார். நான் எழுதிய கட்டுரை. மேலே மூன்று பெயர்: வரதன், சண்பகவல்லி, மெற்றில்டா.

"சண்பகவல்லி இப்போ ஸ்டாஃப். அவ பேர் இருந்தா நிலையத்துக்கும் நல்லது. உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

யோசித்தேன். உண்மையில் ஆட்சேபணை இல்லை. அவள் பெயர் வரக்கூடாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"இல்ல சார். ஆனா முதல் பரிசோதனை ஃபெப்ரவரி ஒன்பது, செஞ்சது நானும் சண்பகவல்லியும்னு உள்ள போட்டிருக்கேன். லீவர் எழுந்ததை ரெண்டு பேரும் பாத்தோம்னு. அதை எடுக்க மாட்டேன்."

சார் காகிதத்தை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். என்னை விலக்கிவிட்டு இதை அனுப்ப அவரால் முடியாது. டாக்டர் ஹைமவதியின் கையெழுத்து இருக்கிறது.

"அதை அவகிட்டயே கேட்டுக்கோ" என்றார்.

ஜூன் 7, வெள்ளி

செம்பாவே வந்தாள். வீட்டுக்கு. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். உள்ளே வா என்றதும்தான் கழற்றினாள்.

"பேரு இருக்கட்டும்னு சொன்னியாமே" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீ எம் பேர அடிச்சுருவேன்னு நெனச்சேன்."

"நீ பாத்தேல்லா. எதுக்கு அடிக்கணும்?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"தேதி மட்டும் வேண்டாமே மெட்டி."

"தேதி இல்லாம எப்படி?"

"ஏப்ரல்ல நடந்த பரிசோதனை போதும்லா? அதுக்குத்தான தாள் இருக்கு. ஃபெப்ரவரின்னு போட்டா, மார்ச்ல கமிட்டில இருந்தவங்க எல்லாம் படிப்பாங்க. நான் சொன்னது பொய்னு ஆயிரும்."

"ஏப்ரல்ல நீ அங்க இல்லையே செம்பா. ஏப்ரல்னு போட்டாத்தான் பொய்."

தெருவில் உப்புக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"எல்லாரும் படிச்சா என்ன?" என்றேன். "அன்னைக்குப் பயந்துட்டேன்னு சொல்லு. வேலைதான் கெடச்சிருச்சே. இனி யாரு பிடுங்கப் போறா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் உன்கூட நிக்கேன்."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் குடு" என்றாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், பழைய மாதிரி.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வரும் வழியில் இரண்டு பேருக்கு மீன் வாங்கிவிட்டேன். பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். இன்றைக்கு வருவாள் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் கட்டுரை என் மேசையில் இருந்தது. செம்பா நேற்றே வைத்துவிட்டு, நாகப்பட்டினத்துக்கு வேலையாகப் போய்விட்டாள்.

முதல் பக்கத்தில் அவளுடைய பெயர்மேல் பச்சை மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, பக்கத்து எழுத்தில் படாமல் அடித்திருந்தாள். சரி, பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம், அது அவள் விருப்பம் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

உள்ளே பரிசோதனை முறையைச் சொல்லும் பகுதியில் பிப்ரவரி ஒன்பது அப்படியே இருந்தது. என் பெயரும் இருந்தது. அவள் பெயரை அடித்திருந்தாள். "லீவர் எழுந்ததை இருவரும் பார்த்தோம்" என்ற வரியில் "இருவரும்" அடிபட்டு, அவளுடைய குண்டு எழுத்தில் "ஒருவர் பார்த்தார்" என்று மாறியிருந்தது.

கமிட்டியில் சொன்னபோது சார் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கத்தில் சொல்லிவிட்டாள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது எதிரே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பேனா இருந்திருக்கும், மேசை இருந்திருக்கும்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவி வந்து உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் அவள் அடித்த பெயரை அப்படியே விட்டேன். உள்ளே "ஒருவர் பார்த்தார்" என்பதை அடித்து, மேலே "இருவர் பார்த்தோம்" என்று எழுதி, டைப் அடிக்கும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.